கம்பியில் போன மின்சாரம், தலைச்சுமையில் வந்த மின்சாரம்

முல்லைப் பெரியாறு அணைக்குச் சென்றுகொண்டிருந்த மின்சாரம் 2000ஆம் ஆண்டில் துண்டிக்கப்பட்டது. காட்டினூடே சென்ற மின்கம்பியால் காட்டு யானை ஒன்று தாக்குண்டு இறந்ததே அதற்குக் காரணம். இணைப்பு மீண்டும் கிடைத்தது 2021 ஜனவரியில். தமிழ்நாடு அரசு செலுத்திய ஏறத்தாழ 1.65 கோடி ரூபாயில், வல்லக்கடவிலிருந்து நிலத்தடி வடம் புதைத்துக் கேரள மின்வாரியம் அதனை வழங்கியது. இடைப்பட்ட இருபது ஆண்டுகள் அணையின் மதகுகளும் காவல் விளக்குகளும் டீசல் ஜெனரேட்டரையும் சூரிய மின்தகடுகளையும் நம்பியிருந்தன. அதே இருபது ஆண்டுகளில் அதே அணையின் நீர், மலையைக் குடைந்த சுரங்கவழியே கிழக்கு நோக்கிச் சென்று, லோயர்கேம்ப்பில் உள்ள பெரியாறு மின்நிலையத்தின் சுழலிகளை இயக்கிக்கொண்டிருந்தது. அந்நிலையத்தின் இன்றைய நிறுவுதிறன் 168 மெகாவாட். நீரைக் கொடுத்த இடத்துக்கு டீசல் சுமந்துவரப்பட்டது. மின்சாரம் மலைக்கு அப்பால் பிறந்து சமவெளிக்குப் போனது.

இரு மாநிலங்களுக்கிடையிலான அணைப் பூசலின் ஒரு வேடிக்கையான துணுக்காக மட்டும் இதனை வாசிப்பது போதாது. கேரளத்தின் தமிழக எல்லையோர மலைகளில் மின்சாரத்துக்கு இரண்டு வரலாறுகள் உண்டு. ஒன்று, கம்பியேறி மலையைவிட்டு வெளியேறிய மின்சாரத்தின் வரலாறு. அணை, மின்நிலையம், திறப்புவிழாக் கல்வெட்டு, மெகாவாட் கணக்கு என்று அது நன்கு எழுதப்பட்டிருக்கிறது. மற்றொன்று, தோளிலும் தலையிலும் ஜீப்பிலும் சுமந்து மலைக்குள் கொண்டுவரப்பட்ட ஆற்றலின் வரலாறு. இன்று மூணாறுக்கு வரும் சுற்றுலாப் பயணியின் வண்டியில் ‘போர்ட்டபிள் பவர் ஸ்டேஷன்’ என்னும் மின்கலப் பெட்டி ஏறிவிட்டது. விளம்பர மொழியில் அது ‘பேக்கப்’, அதாவது மூல மின்சாரம் தவறும்போது கைகொடுக்கும் மாற்று. ஆனால் இம்மலைகளில் கணிசமானோருக்குச் சுமந்துவந்த ஆற்றலே மூலமாக இருந்தது; கம்பி மின்சாரம் வெகுகாலம் கழித்து வந்த விருந்தாளி.

நிலவியல் குறித்து ஒரு தெளிவு தேவை. பாலக்காடும் இடுக்கியும் ஒன்றையொன்று தொடும் மாவட்டங்கள் அல்ல. கேரளத்துக்குள் திருச்சூரும் எறணாகுளமும் இடையில் நிற்கின்றன. ஆயினும் ஆனைமலைத் தொடரின் முகட்டு வழியாகப் பார்த்தால் அவை அண்டைப் புறங்களே. பாலக்காட்டின் பறம்பிக்குளத்திலிருந்து கிழக்கும் தெற்குமாகச் சென்றால் தமிழ்நாட்டின் வால்பாறை மேட்டுநிலம். அதனைக் கடந்தால் இடுக்கியின் இடமலைக்குடி, இரவிகுளம், மறையூர், மூணாறு. அதற்கும் தெற்கே போடிமெட்டு, கம்பம்மெட்டு, குமுளி. இந்த நெடுந்தொடரில் வாழும் முதுவர், காடர், மலசர் முதலிய தொல்குடியினருக்கும், மதுரை திருநெல்வேலிப் பகுதிகளிலிருந்து குடியேறிய தேயிலைத் தோட்டத் தொழிலாளருக்கும் 1956இல் வரையப்பட்ட மாநில எல்லை பின்னால் வந்து சேர்ந்த கோடு.

மூணாற்றுக்கு மின்சாரம் வியப்பூட்டும் அளவுக்கு முன்னதாகவே வந்தது. 1897இல் தோன்றிய கண்ணன்தேவன் மலை விளைபொருள் நிறுவனம், இருபதாம் நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளிலேயே தன் தேயிலை ஆலைகளுக்கெனச் சிறு நீர்மின் நிலையம் ஒன்றை நடத்தியது. கொழுந்தை வாட்டவும் உருட்டவும் உலர்த்தவும் இடையறாத ஆற்றல் வேண்டும். விறகும் நீராவியும் போதவில்லை. அக்காலப் போக்குவரத்தும் இதே தேவையிலிருந்து பிறந்ததுதான். 1902இல் குண்டளைப் பள்ளத்தாக்கில் ஒற்றைத் தண்டவாள வண்டி ஓடியது. அதனை இழுத்தவை மாடுகள். 1908இல் அது குறுகிய இருப்புப்பாதையாக மாற்றப்பட்டது. டாப்ஸ்டேஷனிலிருந்து கொட்டகுடிப் பக்கம் தேயிலைப் பெட்டிகள் கம்பிவடத் தொட்டிகளில் இறங்கிப் போடிக்குச் சென்றன. மலையாளத்தார் ‘தொண்ணூற்றொன்பதின் வெள்ளம்’ என்று இன்றும் கூறும் 1924 ஜூலை வெள்ளம் (கொல்லம் ஆண்டு 1099) அந்த இருப்புப்பாதையை அடியோடு அழித்தது. பின்னர் அது மீளவேயில்லை.

பாலக்காட்டுப் பக்கத்தில் இதற்கிணையான ஒரு கதை உண்டு. பறம்பிக்குளம் காடுகளின் தேக்கையும் ஈட்டியையும் சாலக்குடிக்கு இறக்குவதற்காகக் கொச்சி அரசு அமைத்த வன டிராம்வே 1907 முதல் 1963 வரை இயங்கியது. அதன் செங்குத்தான சரிவுகளில் எந்திரம் தேவைப்படவில்லை. மரமேற்றிய வண்டி இறங்கும் எடை, வடத்தின் மறுமுனையில் கட்டிய வெற்று வண்டியை மேலே இழுத்தது. மலையிலிருந்து பொருள் இறங்குவதே மலையேறுவதற்கான ஆற்றல். இறங்கும் தேக்கு இருந்தவரைதான் ஏறும் வண்டியும் இருந்தது என்பதை நினைவில் கொண்டால், பின்வந்த நீர்மின் திட்டங்களின் பொருளியலும் எளிதில் விளங்கும்.

அரசு மின்சாரத்தின் தொடக்கம் பள்ளிவாசல். திருவிதாங்கூர் மன்னர் சித்திரைத் திருநாள் பலராம வர்மாவின் ஆட்சியில், சர் சி. பி. இராமசுவாமி ஐயர் திவானாக இருந்த காலத்தில், 1940 மார்ச் 19 அன்று அது இயங்கத் தொடங்கியது. தொடக்கத்தில் 15 மெகாவாட், பின்னர் 37.5 மெகாவாட். முதிரப்புழையாற்றின் அந்த மின்சாரம் எதற்காக? விடை ஆலுவாயில் இருக்கிறது. 1943இல் அங்குள்ள அலுபுரத்தில் இந்தியாவின் முதல் அலுமினிய உருக்காலை உற்பத்தியைத் தொடங்கியது. அருகிலேயே உரத்தொழிற்சாலை எழுந்தது. ஒரு டன் அலுமினியம் பிரித்தெடுக்க இன்றைய தொழில்நுட்பத்திலேயே ஏறத்தாழ 15,000 யூனிட் மின்சாரம் வேண்டும். அன்று இன்னும் கூடுதல். ஆகவே அலுமினியப் பாளத்தை உறைந்த மின்சாரம் என்று வழங்குவது மிகையாகாது. பள்ளிவாசலின் நீர் கம்பியாகச் சென்று உலோகமாக உறைந்து கப்பலேறியது. (இன்றைய லித்தியம் மின்கலத்தின் நேர்முனைத் தகட்டில் மின்னோட்டத்தை வாங்கிக்கொள்வதும் மெல்லிய அலுமினியத் தாளே. சுமந்துசெல்லும் ஆற்றலுக்கும் அலுமினியத்துக்கும் உள்ள உறவு இன்னும் முடியவில்லை.)

பள்ளிவாசலுக்குப் பின் செங்குளம், நேரியமங்கலம், பன்னியாறு என்று நிலையங்கள் அடுத்தடுத்து வந்தன. குறவன் குறத்தி மலைகளுக்கிடையே எழுந்த இடுக்கி வளைவணையையும் 780 மெகாவாட் மூலமற்றம் நிலத்தடி நிலையத்தையும் 1976 பிப்ரவரி 12 அன்று இந்திரா காந்தி நாட்டுக்கு ஒப்படைத்தார். வடக்கே பறம்பிக்குளம் ஆழியாறு திட்டத்தில் பறம்பிக்குளம், தூணக்கடவு, பெருவாரிப்பள்ளம் அணைகள் கேரள மண்ணில் நிற்க, அவற்றைப் பராமரிப்பது தமிழ்நாடு; நீர் சுரங்கவழியே இறங்கிச் சர்க்கார்பதியில் 30 மெகாவாட் நிலையத்தை இயக்கிய பின் பொள்ளாச்சி வயல்களுக்குப் போகிறது. பாலக்காடு மாவட்டத்தைச் சேர்ந்த பறம்பிக்குளத்துக்கு வண்டியில் செல்ல விரும்புபவர் இன்றும் பொள்ளாச்சி, சேத்துமடை, டாப்சிலிப் என்று தமிழ்நாட்டைச் சுற்றித்தான் செல்கிறார். நீருக்கு நேர்வழியும் மனிதருக்குச் சுற்றுவழியும் அமைந்த இடம் அது.

இனி மற்றைய வரலாறு. அதன் தொடக்கம் தென்னோலைச் சூட்டிலும் தீப்பந்தத்திலும் இருக்கிறது. இரவில் காட்டுவழி நடப்பவருக்கு ஒளி வீட்டுப் பொருளன்று, ஆயுதம்; யானையும் கரடியும் நடமாடும் பாதையில் கைத்தீயே காவல். பின்னர் மண்ணெண்ணெய் வந்தது. சிம்னி விளக்கு, அரிக்கேன் விளக்கு, திருமணத்துக்கும் திருவிழாவுக்கும் வாடகைக்கு எடுக்கும் ‘கேஸ்லைட்’ ஆகியவை தோட்ட லயங்களின் ஒளியாயின. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெர்லினில் உருவான பெட்ரோமாக்ஸ்தான் அந்த கேஸ்லைட். ஒருவர் தலையில் அதனைச் சுமந்து முன்னே நடக்க, ஊர்வலம் பின்னே வரும். தலையில் சுமந்த மின்நிலையத்துக்கு அதனைவிடப் பொருத்தமான முன்னோடி கிடையாது.

மண்ணெண்ணெய் அரசின் பதிவேட்டுக்குள் நுழைந்த விதம் ஆய்வாளர்கள் போதிய கவனம் செலுத்தாத ஒன்று. கேரளத்தின் பொது வழங்கல் முறையில், மின் இணைப்புள்ள வீட்டுக்கும் இல்லாத வீட்டுக்கும் மண்ணெண்ணெய் அளவு வேறுவேறு. இணைப்பில்லாத அட்டைக்குக் கூடுதல் லிட்டர். அதாவது ரேஷன் அட்டையில் குத்தப்பட்ட ஒரு முத்திரை, அக்குடும்பத்தின் மின்வரலாற்றைச் சொல்லிவிடும். மின்வாரியத்தின் ஆண்டறிக்கை எத்தனை இணைப்புகள் கொடுக்கப்பட்டன என்றுதான் சொல்லும். கொடுக்கப்படாதவரை எண்ணிவைத்தது நியாயவிலைக் கடை.

அடுத்து வந்தது உலர்மின்கலம். லெக்லாஞ்சே 1866இல் அமைத்த ஈரக் கலத்தை 1880களில் கார்ல் காஸ்னர் கொட்டாத பசையாக மாற்றியதால்தான் மின்சாரம் சட்டைப்பைக்குள் புகுந்தது. எவரெடி டார்ச் விளக்கும் டிரான்சிஸ்டர் வானொலியும் கம்பி எட்டாத ஊர்களில் புகுந்த முதல் மின்பொருள்கள். தென் தமிழகம் முழுவதும் இலங்கை வானொலியைக் கேட்டது பெரும்பாலும் இந்த மின்கலங்களின் தயவில்தான். ஆயினும் இதற்குக் கொடுத்த விலையைக் கணக்கிட வேண்டும். பெரிய அளவு துத்தநாக மின்கலம் ஒன்றில் கிடைப்பது ஏறத்தாழ 5 முதல் 7 வாட்மணி. ஒரு யூனிட் என்பது 1,000 வாட்மணி. ஆக, ஒரு யூனிட்டுக்கு நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட மின்கலங்கள். இன்றைய விலையில் சில ஆயிரம் ரூபாய். கம்பியில் வரும் யூனிட்டுக்குச் சமவெளி வீடு செலுத்துவது சில ரூபாய். இந்தியாவின் மிக விலையுயர்ந்த மின்சாரத்தை வாங்கியவர்கள் டார்ச் விளக்குப் பிடித்து யானைத்தாரையில் நடந்தவர்களே. இம்மின்சாரத்துக்கு மானியமும் இல்லை, கட்டண ஆணையமும் இல்லை.

மூன்றாவது கட்டம் ஈய அமில பேட்டரி. 1859இல் காஸ்தோன் பிளாந்தே உருவாக்கிய இக்கலம் லாரிக்கும் காருக்கும் உரியது; 1980களில் கருப்பு வெள்ளைத் தொலைக்காட்சியோடு சேர்ந்து மின்சாரமற்ற ஊர்களுக்குள் நுழைந்தது. சந்தைநாளில் பேட்டரியை ஜீப்பில் ஏற்றி அடிவாரத்து நகரில் சார்ஜ் போடக் கொடுத்து, மறுசந்தையில் மீட்டுவருவது மலையூர்களின் வழக்கமாயிற்று. ஏறத்தாழ 12 முதல் 15 கிலோ எடையுள்ள கார் பேட்டரியில் பெயரளவில் 480 வாட்மணி இருக்கும். ஆயுள் குறையாமல் எடுக்கக்கூடியது அதில் பாதி. அமிலம் சிந்தும், காய்ச்சி வடித்த நீர் ஊற்ற வேண்டும், வெறுமையாக விட்டால் கெட்டுவிடும். வாங்கியவர் எவரும் இவற்றை ஓரிரு பருவங்களில் அனுபவத்தால் கற்றுக்கொண்டார்.

இங்கே இடமலைக்குடிக்கு வர வேண்டும். முதுவர் வாழும் இருபதுக்கும் மேற்பட்ட குடிகளைக் கொண்ட இது, 2010இல் மூணாறு ஊராட்சியிலிருந்து பிரிக்கப்பட்டுக் கேரளத்தின் முதல் பழங்குடி ஊராட்சியாயிற்று. ‘முதுவர்’ என்னும் பெயருக்கு அவர்களே கூறும் விளக்கம் ஒன்று உண்டு: மதுரையிலிருந்து மலையேறியபோது தெய்வத்தையும் குழந்தைகளையும் முதுகில் சுமந்து வந்தவர்கள். சொற்பிறப்பியலார் இதனை ஏற்பாரோ மாட்டாரோ, தம்மைச் சுமந்துவந்தவர்களாக நினைவுகொள்ளும் ஒரு மக்களின் தன்வரலாறாக அது மதிக்கத்தக்கது. பெட்டிமுடியிலிருந்து ஏறத்தாழ 18 கிலோமீட்டர் காட்டுவழி நடந்தால்தான் ஊராட்சியின் மையத்தை அடைய முடிந்த காலத்தில், இங்குள்ள குடும்பஸ்ரீ பெண்கள் நூற்றுக்கும் மேற்பட்ட சூரிய மின்தகடுகளைத் தலைச்சுமையாகவே கொண்டுவந்தனர். 2014இல் இதழியலாளர் பி. சாய்நாத் இதனைப் பதிவுசெய்தார். பல்லாயிரம் கோடி முதலீட்டில் எழுந்த நீர்மின் அமைப்புகளின் நிழலில், ஒரு மாவட்டத்தின் மின்மயமாக்கம் பெண்களின் கழுத்து வலிமையால் நிகழ்ந்தது. பிற்பாடு மின்வாரியம் நிலத்தடி வடம் கொண்டுசென்று குடிகள் சிலவற்றுக்கு இணைப்பு வழங்கியது. வரிசையில் அது இரண்டாவது.

அறிவிப்புகளின் காலவரிசையை இதனோடு ஒப்பிடலாம். 2010இல் பாலக்காடு நாட்டின் முதல் முழு மின்மயமாக்கப்பட்ட மாவட்டமாக அறிவிக்கப்பட்டது. 2017 மே 29 அன்று கேரளம் முழுவதும் மின்மயமானதாக முதலமைச்சர் பினராயி விஜயன் அறிவித்தார். இவ்வறிவிப்புகள் பொய்யெனச் சொல்ல முகாந்திரமில்லை; காட்டுக்குள் உள்ள குடிகளுக்குச் சூரிய ஒளி அமைப்பு வழங்கியும் கணக்கு நிறைவு செய்யப்படலாம் என்பதே இதில் கவனிக்க வேண்டியது. கம்பி இணைப்பையும் கூரைத் தகட்டையும் ஒரே ‘மின்மயம்’ என்னும் சொல் போர்த்திவிடுகிறது. ஆனால் கம்பி பழுதானால் சரிசெய்யும் பொறுப்பு மின்வாரியத்துக்கு உண்டு. தகட்டின் பேட்டரி ஐந்தாண்டில் செத்தால் பொறுப்பு எவருக்கு என்பது அரசாணைகளில் அவ்வளவு தெளிவாக இருப்பதில்லை. பேட்டரி மாண்டபின் தகடு மட்டும் கூரையில் எஞ்சி நிற்பது இந்தியக் காடுகள் எங்கும் பழகிய காட்சி.

சட்டமும் இங்கே ஒரு பாத்திரம். 1980ஆம் ஆண்டின் வனப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பின் காட்டினூடே கம்பம் நடுவது நெடிய அனுமதிப் பயணம். 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம், பிரிவு 3(2)இல், கிராம சபையின் பரிந்துரையோடு ஒரு ஹெக்டேருக்குக் குறைவான வனநிலத்தை அளிக்கக்கூடிய 13 வசதிகளை வரிசைப்படுத்தியது. அவற்றில் மின் மற்றும் தொலைத்தொடர்புக் கம்பிகள் ஒரு வரி. மரபுசாரா எரிசக்தி வேறொரு வரி. சட்டம் இரண்டையும் தனித்தனி உரிமைகளாகக் கருதியது; நடைமுறையில் பின்னது முன்னதற்கு மாற்றாகக் கொடுக்கப்பட்டது. யானை இறந்த முல்லைப் பெரியாற்று நிகழ்வை நினைக்கும்போது கம்பத்தின் மீதான வனத்துறையின் தயக்கத்தை வெறும் பிடிவாதம் என்று ஒதுக்கவும் முடியாது. நிலத்தடி வடம் இரு தரப்புக்கும் ஏற்ற தீர்வு. அதற்குத் தேவை பணம். அணைக்குப் பணம் கிடைக்கவே இருபது ஆண்டுகள் ஆயின.

இடமலைக்குடிக்குச் செல்லும் வழியின் வாயில் பெட்டிமுடி என்று மேலே குறிப்பிடப்பட்டது. 2020 ஆகஸ்ட் 6 இரவு, ஏறத்தாழ 10.45 மணிக்கு, அந்த வாயிலில் இருந்த தோட்டத் தொழிலாளர் லயங்களின் மேல் மலை சரிந்தது. 70 பேர் உயிரிழந்தனர். நால்வரின் உடல்கள் கிடைக்கவேயில்லை. இறந்தவர்களுள் பெரும்பாலோர் தமிழ்க் குடும்பத்தார். பலருக்குக் கயத்தாறு பூர்வீகம். கடும் மழையால் அப்பகுதியில் மின்சாரமும் தொலைத்தொடர்பும் முன்னரே அற்றுப்போயிருந்தன. செய்தி வெளியுலகை எட்டியது மறுநாள் காலையில். பள்ளிவாசல் நிலையம் அங்கிருந்து வான்வழியில் தொலைவன்று.

அந்த இரவில் குறைவுபட்டது எவ்வளவு ஆற்றல் என்று கணக்கிடுவது கசப்பான வேலை, ஆயினும் செய்யத்தக்கது. கைபேசிக் கோபுரம் ஒன்று ஏற்கும் மின்சாரம் சில நூறு வாட்டிலிருந்து சில கிலோவாட் வரை. சாதாரண மின்கலப் பெட்டி அதனைச் சில மணிநேரத்துக்கு மேல் தாங்காது. ஆனால் 12 வோல்ட் கம்பியில்லாத் தொலைபேசிக் கருவி காத்திருக்கும்போது கேட்பது ஐந்து வாட் அளவே. பேசும் சில நிமிடங்களுக்கு 25 முதல் 50 வாட். 1,000 வாட்மணிப் பெட்டி ஒன்று அதனை ஒரு வாரத்துக்கும் மேலாக விழித்திருக்கச் செய்யும். அத்தகைய ஏற்பாடு சரிவைத் தடுத்திராது. இரவுக்கும் காலைக்கும் இடையே கடந்த மணிநேரங்களைக் குறைத்திருக்கக்கூடும். ஒளிக்கும் குளிர்ச்சிக்கும் என்று விளம்பரப்படுத்தப்படும் சேமிப்பு மின்சாரத்தின் மிக மலிவானதும் மிக இன்றியமையாததுமான பயன் செய்தி அனுப்புவதே.

பெட்டியின் உள்ளமைப்பும் சுருக்கமாக அறியத்தக்கது. 1991இல் சோனி நிறுவனம் லித்தியம் அயனி மின்கலத்தைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. 1990களின் பிற்பகுதியில் குட்இனஃப் ஆய்வுக்குழு லித்தியம் இரும்பு பாஸ்பேட் என்னும் பொருளை முன்வைத்தது. கோபால்ட் வேண்டாத, எளிதில் தீப்பற்றாத, ஆயிரக்கணக்கான முறை சார்ஜ் ஏற்றத்தக்க இப்பொருளே இன்றைய பெட்டிகளில் பெரும்பாலும் இருக்கிறது. குட்இனஃப், விட்டிங்ஹாம், யோஷினோ மூவரும் 2019இல் வேதியியல் நோபல் பரிசு பெற்றனர். 1,000 வாட்மணிப் பெட்டியின் எடை ஏறத்தாழ 12 கிலோ. பழைய கார் பேட்டரியின் எடைதான், ஆனால் எடுக்கத்தக்க ஆற்றல் ஏறத்தாழ நான்கு மடங்கு. நேர்மின்சாரத்தை வீட்டு மின்சாரமாக மாற்றும் இன்வெர்ட்டரில் பத்து முதல் பதினைந்து விழுக்காடு வெப்பமாக வீணாகும். கடினமாக உழைக்கும் ஒருவரின் ஒருநாள் உடலுழைப்பு ஏறத்தாழ 600 வாட்மணி என்பர். ஆக, பெட்டிக்குள் அடைபட்டிருப்பது இருவரின் ஒருநாள் கூலிவேலைக்கும் சற்றுக் குறைவு. அப்பெட்டியை அடிவாரத்திலிருந்து 1,000 மீட்டர் உயரத்துக்கு ஏற்றப் பெட்டியின் எடைக்கு மட்டும் வேண்டிய ஆற்றல் 33 வாட்மணிதான். சுமப்பதன் பயன் அதைவிடப் பல மடங்கு.

ஒளியைப் பொறுத்தவரை இம்மாற்றம் இன்னும் வியப்பானது. ஒரு லிட்டர் மண்ணெண்ணெய் அரிக்கேன் விளக்கில் ஏறத்தாழ 40 மணிநேரம் எரிந்து தரும் மொத்த ஒளியைப் போல ஐம்பது மடங்கை, ஒரு யூனிட் மின்சாரம் எல்இடி விளக்கில் தந்துவிடும். வெளிச்சத்தைச் சுமப்பது முடிந்துபோன சிக்கல் என்றே சொல்லலாம். சமையல், நீர் ஏற்றம், நெல் குத்துதல், ஏலக்காய் உலர்த்தல் ஆகியவை அப்படியல்ல. 700 வாட் சோறு ஆக்கும் குக்கர் அரைமணியில் பெட்டியின் மூன்றிலொரு பங்குக்கு மேல் விழுங்கிவிடும். ஏலக்காய் உலர்ப்பானைப் பற்றிப் பேசவே வேண்டாம். வீட்டு விளக்கு சுமைக்குள் அடங்கும். உழைப்புக்கும் தொழிலுக்கும் உரிய மின்சாரம் அடங்காது. கம்பி யாருக்கு, பெட்டி யாருக்கு என்னும் பிரிவினை இங்கேதான் பொருளாதார வேறுபாடாக உறைகிறது.

இம்மலையின் பருவங்களும் பெட்டிக்கு எளிதானவை அல்ல. மின்சாரம் அதிகம் தவறுவது தென்மேற்குப் பருவமழையின் சூன் முதல் ஆகஸ்ட் வரை. சூரியத் தகடு மிகக் குறைவாக ஈனுவதும் அதே மாதங்களில். தெளிந்த நாளில் 400 வாட்மணி தரும் நூறு வாட் தகடு, அடைமழை நாளில் அதில் கால்பங்கு தந்தாலே மிகுதி. சனவரியில் செண்டுவாரை, குண்டளைப் பக்கம் புல்வெளியில் உறைபனி படியும் விடியற்காலைகளில் லித்தியம் இரும்பு பாஸ்பேட் கலத்துக்குச் சார்ஜ் ஏற்றினால் அது நிலையாகக் கெடும். நல்ல பெட்டிகள் சுழியத்துக்குக் கீழே தாமாகவே மறுத்துவிடும். மழைக்காலத்தில் இம்மலையில் தட்டாமல் கிடைப்பது ஓடைநீர். இடுக்கியின் மாங்குளம் ஊராட்சி 110 கிலோவாட் சிறு நீர்மின் நிலையத்தை அமைத்ததும், பாலக்காடு மாவட்ட ஊராட்சி மீன்வல்லத்தில் 3 மெகாவாட் நிலையத்தை 2014இல் இயக்கியதும் அந்த நீரை நம்பியே. ஓடையில் சிறு சுழலி, வீட்டில் மின்கலப் பெட்டி என்னும் இணைப்பு, மழைக்காலத்துக்குத் தகட்டைவிடப் பொருத்தமானது. ஆனால் சந்தையில் பெட்டியோடு சேர்த்து விற்கப்படுவது தகடுதான். அவை வடிவமைக்கப்பட்டது வெயிற்காலச் சுற்றுலாவுக்கு.

வரலாற்று மாணவருக்கு இதில் ஒரு நடைமுறைச் சிக்கல் இருக்கிறது. பள்ளிவாசலுக்கும் இடுக்கிக்கும் கோப்புகள் உண்டு, பொறியாளர் குறிப்புகள் உண்டு, ஒப்பந்தங்கள் உண்டு. முல்லைப் பெரியாற்றுக்கு 1886 அக்டோபர் 29ஆம் நாளிட்ட 999 ஆண்டுக் குத்தகைப் பத்திரமே உண்டு. சுமந்துவந்த மின்சாரத்துக்குத் தனிக் கோப்பில்லை. அதன் தடயங்கள் மின்துறைக்கு வெளியே சிதறிக் கிடக்கின்றன: ரேஷன் அட்டையின் மண்ணெண்ணெய்ப் பத்தியில், போடியிலும் கம்பத்திலும் பொள்ளாச்சியிலும் பேட்டரிக்குச் சார்ஜ் போட்டவர்களின் கணக்கு நோட்டில், தோட்டத்துக் கடைகளின் பற்றுவரவில், மகளிர் குழுக்களின் தீர்மானப் பதிவேட்டில். நியாயவிலைக் கடைகள் மின்னணு எந்திரத்துக்கு மாறிய பின் பழைய அட்டைகள் வேகமாக மறைந்துவருகின்றன. பேட்டரிக் கடைகளோ இன்வெர்ட்டர் விற்பனைக் கூடங்களாக மாறி, பழைய நோட்டுகளைக் காகிதக் கடைக்குப் போட்டுக்கொண்டிருக்கின்றன.